அபாயப் பலகை எங்கே நிற்க வேண்டும்

2009 வைகாசியில் போர் முடிந்த கிழமைகளில் பிறந்த பிள்ளைக்கு 2025 இல் பதினாறு வயது. தெல்லிப்பழைச் சந்தியில் மாலை நேரத்தில் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கூடி நிற்கிற பொடியன்களும், ரியூசன் முடிந்து கைத்தொலைபேசியைப் பார்த்தபடி வீடு திரும்புகிற பெண்பிள்ளைகளும் அந்த வயதை ஒட்டியவர்கள். ஷெல் கூவிக்கொண்டு வரும் சத்தம் அவர்களுக்குத் தெரியாது. ஊரடங்கு என்றால் கொரோனாக் காலம்தான் அவர்களுக்கு நினைவு வரும். அவர்களைப் பெற்றவர்களுக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது. 1990 ஆனியில் இந்த ஊரை விட்டுச் சிறுவர்களாக ஓடியவர்கள் அவர்கள். இந்த இரண்டு தலைமுறையும் ஒரே விறாந்தையில், இரவு ஏழரை மணிக்கு, ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன.

"எங்கை போட்டு வாறாய்?"

"சும்மா பெடியளோட நிண்டனான்."

"மணி என்ன எண்டு தெரியுமே?"

"ஏழரைதானே அம்மா. உங்களுக்கு ஒண்டும் விளங்காது."

மகனுக்கு அது வெறும் ஏழரை மணி. தாய்க்கு அப்படியில்லை. அவள் பதினாறு வயதாக இருந்த காலத்தில், பொழுதுபட்ட பிறகும் ஒரு பிள்ளை வீட்டுக்கு வரவில்லை என்றால் அதற்கு மூன்று நான்கு அர்த்தங்கள்தான் இருந்தன. இராணுவம் பிடித்திருக்கும். இயக்கம் கொண்டுபோயிருக்கும், அல்லது பிள்ளை தானாகவே இயக்கத்துக்குப் போயிருக்கும். இல்லாவிட்டால் ஷெல் பட்டிருக்கும். வேறு விதமாக நினைக்க அந்தக் காலம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே அவளுடைய தாய் படலையடியில் நின்று கத்தினாள். இவளும் இன்றைக்குக் கத்துகிறாள். கத்துகிற குரல் அதேதான். நிலைமை மட்டும் மாறிவிட்டது.

பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றிய கவலை எல்லா ஊருக்கும் பொது. சொல்லுக் கேளாமை, எதிர்த்துப் பேசுதல், பொய், இரகசியம், காதல், கூட்டாளிகள் என்று அதன் பட்டியல் தெல்லிப்பழைக்கும் ரொறன்ரோவுக்கும் ஒன்றுதான். ஆனால் எங்கள் ஊரில் அந்தக் கவலைக்கு அடியில் இன்னொரு படை இருக்கிறது. அதைத் தோண்டிப் பார்க்காமல் பிள்ளை வளர்ப்பைப் பற்றி இங்கே எழுதுவது வீண் என்று நினைக்கிறேன்.

இன்றைய பெற்றோர் தங்கள் பதின்ம வயதை எங்கே கழித்தார்கள் என்று பாருங்கள். 1990 இல் வலிகாமம் வடக்கு வெறுமையானது. பலாலி, மயிலிட்டி, காங்கேசன்துறை, தெல்லிப்பழை என்று ஊர் ஊராகச் சனம் இடம்பெயர்ந்து மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் முகாம்களில் அடைந்தது. பிறகு 1995 ஒக்டோபர் 30 இரவு. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்த அந்தப் பெருங்கூட்டத்தில் தாயின் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகள்தான் இன்றைக்குத் தாயும் தகப்பனும். திரும்பி வந்தபோது சோதனைச் சாவடி, அடையாள அட்டை, சுற்றிவளைப்பு. ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற தலையாட்டியின் முன்னால் வரிசையில் நின்ற தமையனை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒரு பிள்ளை எல்லை மீறிப் பார்க்கிற வயதில், எல்லையை மீறினால் உயிர் போகும் என்ற பாடத்தைத்தான் அவர்கள் படித்தார்கள். எதிர்த்துப் பேசவோ ஊர் சுற்றவோ பிழை விட்டுப் பார்க்கவோ அவர்களுக்கு இடமிருக்கவில்லை. தாங்கள் ஒருநாளும் வாழாத ஒரு வயதைத் தங்கள் பிள்ளைகள் கண்முன்னே வாழும்போது எப்படி நடந்துகொள்வது என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அதற்கும் முந்திய தலைமுறையின் கதை இன்னும் கடுமை. 1984 இல் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் கைதானபோது யாழ்ப்பாணத்துத் தாய்மார் அன்னையர் முன்னணியாகத் திரண்டு கச்சேரிக்கு ஊர்வலம் போனார்கள். அதே ஆண்டுகளில் வேறு வீடுகளில் விடியும்போது பிள்ளையின் பாய் வெறுமையாகக் கிடந்தது. உயர்தரம் படித்துக்கொண்டிருந்தவன் இயக்கத்துக்குப் போய்விட்டான் என்பதைக் கூட்டாளி ஒருவன் வந்து சொன்னான், அல்லது புத்தகத்துக்குள் வைத்த கடிதம் சொன்னது. அந்தப் பிள்ளைகள் சரியா பிழையா என்று வழக்காட இங்கே நான் வரவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. மாதக்கணக்காக மனதுக்குள் கொண்டு திரிந்த ஒரு முடிவை அந்தப் பிள்ளை பெற்றவர்களில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுவார்கள், கட்டிவைப்பார்கள், மாமா வீட்டுக்குக் கொழும்புக்கு அனுப்புவார்கள் என்று அதற்குத் தெரியும். பெற்றவர்களின் அன்பில் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த அன்பிடம் பேச முடியாது என்பது அதற்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பேச முடியாமை இன்றைக்கும் எங்கள் வீடுகளில் இருக்கிறது. நான் பயப்படுவது அதற்குத்தான்.

வலிகாமம் வடக்கில் காணிகள் விடுவிக்கப்பட்டுச் சனம் திரும்பி வரத் தொடங்கியபோது, பல இடங்களில் பற்றை மண்டிய வளவுகளுக்குப் பக்கத்தில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றன. மிதிவெடி அபாயம் என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூடங்களுக்கு ஆட்கள் வந்து படம் காட்டி, எது வெடிக்கும், எப்படி வெடிக்கும், கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பலகைகளைப் பிள்ளைகள் மதித்தார்கள். பந்து அந்தப் பக்கம் உருண்டு போனால் விட்டுவிட்டு வந்தார்கள். வீட்டில் ஒரு சொல்லும் கேளாத பொடியன் அந்தப் பலகைக்கு மட்டும் அடங்கியது எதனால்? அது ஆபத்து இருந்த இடத்தில் மாத்திரம் நின்றது. ஏன் நிற்கிறது என்பதை ஒருவர் அவனை மதித்து விளக்கியிருந்தார். நிலத்தைச் சாண் சாணாகச் சோதித்து முடித்தபின் பலகையைப் பிடுங்கி அடுத்த துண்டுக்குக் கொண்டுபோனார்கள். நேற்று ஆபத்தாக இருந்த இடத்தில் இன்று கிளித்தட்டு விளையாடலாம். எல்லா வளவிலும், கிணற்றடியிலும், கோயில் வீதியிலும் அதே மண்டையோட்டைக் கொண்டுபோய் நட்டிருந்தால் ஒரு மாதத்துக்குள் அதை எவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அதன்பிறகு உண்மையில் வெடி இருந்த இடத்திலும் பிள்ளை கால் வைத்திருக்கும்.

எங்கள் வீடுகளில் பலகை எல்லா இடத்திலும் நிற்கிறது. தலைமயிர் வெட்டுக்கு ஒரு மண்டையோடு. கிழிந்த மாதிரித் தைத்த ஜீன்சுக்கு ஒரு மண்டையோடு. கணிதத்தில் அறுபது எடுத்ததற்கு, பக்கத்து வீட்டுக்காரரைக் கண்டு சிரிக்காததற்கு, அறைக்கதவைச் சாத்தியதற்கு எல்லாம் அதே சிவப்பு, அதே சத்தம். ஹெரோயினுக்கும் அதே சத்தம்தான். எது உயிரை எடுக்கும், எது மனதைக் கொஞ்சம் புண்படுத்தும் என்ற வித்தியாசத்தைப் பிள்ளை எங்கள் குரலிலிருந்து அறிய முடியவில்லை.

தலைமயிருக்காகச் சண்டை பிடிக்க வேண்டாம் என்று எந்தப் பெற்றோருக்கும் சொல்வேன். மயிர் வளரும். பாட்டு, உடுப்பு, நடை, அறையின் அலங்கோலம், பெரியவர்களின் பகிடிக்குச் சிரிக்காத முகம் எல்லாம் ஒரு பிள்ளை தன்னைத் தானாக ஆக்கிக்கொள்கிற வேலையின் சத்தங்கள். அவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பொறுமையால் சேர்கிற பலம் வேறு இடத்தில் வேண்டியிருக்கும்.

அப்படியான இடங்களில் முதலாவது வீதி. காங்கேசன்துறை வீதி எங்கள் ஊரை ஊடறுத்து நேராகக் கிடக்கிறது. கனடாவிலிருக்கிற சித்தப்பா பாசத்தில் காசு அனுப்புகிறார். பதினெட்டு வயதுக்குமுன் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தும் பதினாறு வயதுப் பொடியனுக்கு மோட்டார் சைக்கிள் வந்துவிடுகிறது. பின்னால் ஒருவன், சில வேளை இருவர். இதைப் பற்றி ஒரு ஆய்வு எனக்கு எப்போதும் நினைவிருக்கிறது. 2005 இல் அமெரிக்காவில் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பேர்க்கும் வெவ்வேறு வயதினரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டொன்றில் இருத்திப் பார்த்தார்கள். தனியே விளையாடும்போது பதின்மூன்று முதல் பதினாறு வயதினர் பெரியவர்களை விட மோசமாக நடக்கவில்லை. கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோதுதான் அவர்கள் ஆபத்தைக் கூடுதலாக விலைக்கு வாங்கினார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. உங்கள் மகன் உங்களுக்கு முன்னால் நிதானமாகத்தான் ஓடுவான். அது பொய் நடிப்பல்ல. பின்னால் கூட்டாளி ஏறினால் அவனுடைய மூளை வேறு விதமாக வேலை செய்கிறது, அவ்வளவுதான். ஆகவே இந்த இடத்தில் பலகை அசையக் கூடாது. சித்தப்பா கோபித்தாலும், பிள்ளை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாலும், அனுமதிப்பத்திரம் வரும்வரை சாவி கைக்குப் போகக் கூடாது. எங்கள் மருத்துவமனைகளின் விபத்துப் பிரிவுக்கு ஓர் இரவு போய்ப் பார்த்தவர்கள் இதற்கு மேல் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

இரண்டாவது போதை. பாடசாலைக்குப் பக்கத்துக் கடைகளில் மாவா, கடல் கடந்து வருகிற கஞ்சா, அதைத் தாண்டி ஹெரோயின், ஐஸ். இவை ஊருக்குள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிற காலம் போய்விட்டது. மூன்றாவது, வாளோடு திரிகிற குழுக்கள். போருக்குப் பின்வந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளில் வாள்வெட்டுச் செய்தி இல்லாத கிழமை அரிது. பிடிபட்டவர்களின் வயதைப் படித்தால் நெஞ்சு அடைக்கும். பதினெட்டு, பத்தொன்பது. இந்தப் பிள்ளைகளைப் பிறவிக் கொடியவர்கள் என்று எண்ண என்னால் முடியவில்லை. தன் துணிச்சலைக் காட்ட ஒரு நல்ல இடம் கிடைக்காத பொடியனுக்கு, தன்னை அண்ணை என்று கூப்பிட ஒரு கூட்டமும் கையில் ஒரு வாளும் கிடைத்துவிடுகின்றன.

இது எங்கள் மண்ணுக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. 1990களில் ரொறன்ரோவில் அகதிகளாகக் குடியேறிய எங்கள் சனத்தின் பிள்ளைகள் வி.வி.ரி. என்றும் ஏ.கே. கண்ணன் என்றும் தங்கள் குழுக்களுக்குப் பெயர் சூட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் வெட்டியும் சுட்டும் செத்தார்கள். தாயும் தகப்பனும் இரண்டு வேலை செய்து, வீட்டுக் கடனும் சீட்டுக் காசும் கட்டி, ஊருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை இரவில் எங்கே நிற்கிறான் என்று பார்க்க ஆள் இல்லை. 2001 ஒக்டோபரில் பொலிசார் ஒரே சுற்றில் ஐம்பது பேரளவில் கைதுசெய்து நாடு கடத்த முயன்றபோதுதான் பல பெற்றோருக்கு விஷயமே தெரிந்தது. அதற்கிடையிலேயே, தொண்ணூறுகளின் கடைசியில், அந்த வன்முறையைப் பார்த்துச் சலித்த தமிழ் இளைஞர்கள் சிலர் தாங்களே ஒரு இளைஞர் அமைப்பைத் தொடங்கித் தம்பிமாரோடு உட்கார்ந்து படிப்பிக்கவும் பேசவும் தொடங்கியிருந்தார்கள். பிள்ளைகளை மீட்ட வேலையில் ஒரு பங்கு அவர்களுடையது. பொலிசுக்கு முந்தி அங்கே போய் நின்றவர்கள் அவர்கள்.

இப்போது எல்லாரும் கேட்கிற கேள்விக்கு வருவோம். பிள்ளை எங்கே போகிறது, யாரோடு திரிகிறது என்பதை எப்படி அறிவது? போனைப் பறித்துப் பார்ப்பதா, ரியூசன் வாசலில் ஆள் வைப்பதா, மச்சானைப் பின்னால் அனுப்புவதா? சுவீடனில் ஹாகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரு உளவியலாளர்கள் பதினான்கு வயதுப் பிள்ளைகள் எழுநூறு பேரளவிடமும் அவர்களின் பெற்றோரிடமும் விசாரித்து 2000 ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பிள்ளையின் நடமாட்டத்தை நன்றாக அறிந்த பெற்றோரின் பிள்ளைகள் கெட்டுப்போவது குறைவு என்பது முன்பே தெரிந்த விஷயம். அந்த அறிவு பெற்றோருக்கு எங்கிருந்து வருகிறது என்று இவர்கள் தேடினார்கள். கட்டுப்பாட்டிலிருந்தும் துருவிக் கேட்பதிலிருந்தும் வந்தது கொஞ்சம். பெரும்பங்கு பிள்ளை தானாக வந்து சொன்னதிலிருந்து வந்தது.

இதை வாசித்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம் வரவில்லை, பெரிய துயரம் வந்தது. ஏனென்றால் எங்கள் வீடுகளில் பிள்ளை வந்து சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பொடியன், பெயரும் ஊரும் வேண்டாம், பதினைந்து வயதில் தாயிடம் போய்க் கூட்டாளிகளோடு சேர்ந்து ஒருநாள் கஞ்சா இழுத்துப் பார்த்ததாகச் சொன்னான். அவனாகவே சொன்னான். பயந்துபோய்ச் சொன்னான். தாய் ஒப்பாரி வைத்தாள். தகப்பன் வந்து பூவரசந் தடியால் தோல் உரிய அடித்தார். மாமன் வந்து, பெரியப்பா வந்து, குடும்ப மானம் பற்றி ஆளுக்கொரு பிரசங்கம் வைத்தார்கள். அதன்பிறகு அவன் ஒன்றுமே சொன்னதில்லை. அவன் திருந்திவிட்டான் என்று ஒரு வருடம் வீடு நிம்மதியாக இருந்தது. பிறகு நகை காணாமற் போனது. அடித்த தகப்பன் கொடியவர் அல்லர். மகனுக்காக உயிரையும் கொடுப்பார். ஆனால் அந்த இரவில் மகன் கற்றுக்கொண்டது, கஞ்சா இழுத்தால் அடி விழாது, வீட்டில் சொன்னால்தான் விழும் என்பது.

அடியைப் பற்றி ஒளிக்காமல் பேச வேண்டும். அடியாத மாடு படியாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆசிரியர் அறைந்து ஒரு மாணவனின் செவி பழுதானதற்காக, 2021 இல் இந்த நாட்டின் உயர் நீதிமன்றம் அந்தப் பிள்ளைக்கு நட்ட ஈடு கொடுக்கத் தீர்ப்பளித்தது. வீட்டுக்குள் விழும் அடிக்கு அப்படி வழக்கு வராது. ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையை அடிப்பவர் அதனிடமிருந்து பிடுங்கிக்கொள்வது அதன் வாயை. ஏழு வயதில் அடி வாங்கிய பிள்ளை அடுத்த நிமிடம் மடியில் வந்து விழும். பதினைந்து வயதுப் பிள்ளை வெளியே போய் விழும். அதை ஏந்த அங்கே ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

பெண்பிள்ளைகளின் காரியத்தில் நாங்கள் இன்னும் கூடுதலாகத் தவறுகிறோம். மகன் எட்டு மணிக்கு வந்தால் ஏச்சு, மகள் ஆறரைக்கு வந்தால் விசாரணை. அவளுடைய போனில் ஒரு ஆண்பிள்ளையின் பெயரைக் கண்டாலே படிப்பு நிறுத்தும் அளவுக்குப் பேச்சுப் போகிறது. இதன் விளைவு நாங்கள் நினைப்பதற்கு நேர் எதிரானது. ஏமாந்துபோய் ஒரு படத்தை அனுப்பிவிட்டு, அதை வைத்து மிரட்டுகிறவனிடம் மாட்டிக்கொண்ட பிள்ளைக்கு இந்த உலகத்தில் முதல் போக வேண்டிய இடம் தாயின் மடி. அவளோ தாய்க்குத்தான் அதிகம் பயப்படுகிறாள். மிரட்டுகிறவனுக்கு அது தெரியும். அவனுடைய முழுப் பலமும் எங்கள் வீட்டு மானம்தான். "நடந்தது நடந்துபோச்சு பிள்ளை, நான் இருக்கிறன், இனி நாங்கள் பாப்பம்" என்று ஒரு தாய் சொல்லிவிட்டால் அவன் கையில் ஒன்றும் மிஞ்சாது. சட்டத்தில் வழி இருக்கிறது. பொலிஸ் நிலையங்களில் சிறுவர் மகளிர் பிரிவு இருக்கிறது, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கம் இருக்கிறது. அந்த இலக்கத்தை அழுத்துகிற தூரத்துக்குப் பிள்ளை வருவதற்கு முதலில் வீட்டைத் தாண்டி வர வேண்டியிருக்கிறது. அந்த வீட்டைக் கடக்க முடியாமல் உயிரை விட்ட பிள்ளைகள் உண்டு.

இதே ஊரில் பெண்பிள்ளைகளை நம்பிப் பார்த்த வரலாறும் இருக்கிறது. பாவலர் துரையப்பாபிள்ளை 1910 இல் தொடங்கிய மகாஜனக் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணி அகில இலங்கைப் போட்டிகளில் சம்பியன் ஆகியிருக்கிறது. காற்சட்டை போட்டு மைதானத்தில் இறங்குவதற்கும், பந்தோடு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போவதற்கும், இரவு செல்லும்வரை பயிற்சி எடுப்பதற்கும் ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் அயலின் வாயைத் தாங்கிக்கொண்டு ஓம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதே பள்ளியிலிருந்து வந்த அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்தார். துர்க்காதேவி ஆலயத்தைக் கட்டிக்காத்த சிவத்தமிழ்ச்செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் தாய் தகப்பனை இழந்த பெண்பிள்ளைகளுக்காகத் துர்க்காபுரம் மகளிர் இல்லத்தை நடத்தினார். பிள்ளை பெறாத அந்த அம்மையார், சுற்றிலும் போர் நடந்த ஆண்டுகளில், வேறு வீட்டுப் பெண்பிள்ளைகளைப் பராமரித்துப் படிக்க வைத்தார். கட்டுப்பாடு அங்கேயும் இருந்தது. கட்டுப்பாட்டின் நோக்கம் அந்தப் பிள்ளைகள் தங்கள் காலில் நிற்பது.

தகப்பன்மாருக்கு ஒரு சொல். மாலையில் சாராயப் போத்தலோடு இருந்துகொண்டு மகனுக்குச் சிகரெட்டைப் பற்றிப் புத்தி சொல்ல முடியாது. மனைவியைத் தூஷணத்தில் ஏசிவிட்டு மகளுக்கு மரியாதை கற்பிக்க முடியாது. பிள்ளை கண்ணால் கேட்கிற வயது அது. இதை நீட்ட வேண்டிய தேவை இல்லை.

ஆனால் இன்னொன்றை நீட்டிச் சொல்ல வேண்டும். பெற்றவர்கள் தங்கள் பயத்தின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லவே இல்லை. எங்கள் மண்ணில் நெடுங்காலம் உளநல மருத்துவராகப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், போரின் காயம் தனி மனிதரோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துத் தாக்கி ஆளுக்கு ஆள் நம்பிக்கையை அறுத்துவிடுகிறது என்று விடாமல் எழுதிவந்தவர். வாயைத் திறந்தால் ஆபத்து என்ற காலத்தில் மௌனம் எங்களைக் காப்பாற்றியது. போர் முடிந்த பின்னும் அந்த மௌனம் வீட்டுக்குள் குந்திக்கொண்டிருக்கிறது. ஏழரை மணிக்குத் தாய் ஏன் நடுங்குகிறாள் என்று மகனுக்குத் தெரியாது. 2015 தையில் காங்கேசன்துறை வரை மறுபடி ரயில் ஓடத் தொடங்கியதும், 2017 இல் மயிலிட்டித் துறைமுகம் விடுபட்டதும் அவனுக்குச் சைக்கிளில் போய்க் கடல் பார்க்கிற வசதி. அவளுக்கு அது இருபத்தைந்து ஆண்டுகளாகக் கால் வைக்க முடியாத நிலம். அவன் சிரித்துக்கொண்டு போகிறான், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குப் பைத்தியம் என்று அவன் நினைக்கிறான். அவனுக்கு நெஞ்சில் ஈரம் இல்லை என்று அவள் நினைக்கிறாள்.

அவனை ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லலாம். ஏசுகிற நேரத்தில் அல்ல, இரவுச் சாப்பாடு முடிந்து எல்லாரும் அமைதியாக இருக்கிற ஒரு நேரத்தில். "தம்பி, எனக்குப் பத்து வயசில நாங்கள் இந்த வீட்டை விட்டுட்டு ஓடினனாங்கள். உன்ரை மாமா ஒருநாள் பின்னேரம் கடைக்குப் போனவர், வரேல்லை. அண்டையிலயிருந்து பொழுதுபட்டா எனக்கு நெஞ்சு பதறும். அது உன்ரை பிழை இல்லை. ஆனா நீ பிந்தினா ஒருக்கா போன் அடிச்சுச் சொல்லு ராசா." இப்படிக் கேட்ட பிள்ளை அடுத்த நாளே மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தாயின் கத்தலுக்குள் ஒரு மனிசி இருக்கிறாள் என்று அதற்குத் தெரியவரும். மாமாவைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கும். அந்தக் கேள்விகளுக்குப் பொய் சொல்லாமல் பதில் சொல்ல வேண்டும். தன்னிடம் உண்மை பேசுகிறவர்களிடம்தான் அந்த வயதுப் பிள்ளை உண்மை பேசும்.

பலகையைப் பிடுங்குகிற வேலையும் இருக்கிறது. பதின்மூன்றில் வைத்த சட்டம் பதினாறில் அப்படியே நிற்குமானால் அதை வைத்தவருக்குப் பிள்ளையின் வயது மறந்துவிட்டது. இந்த ஆண்டு ஆறு மணி என்றால் அடுத்த ஆண்டு ஏழு மணியாகலாம். ஒரு மாதம் சொன்ன நேரத்துக்கு வந்தால் கோயில் திருவிழாவுக்குக் கூட்டாளிகளோடு இரவு போய்வரலாம். சொன்னபடி வரவில்லை என்றால் அடுத்த கிழமை இல்லை; அடியும் இல்லை, ஏச்சும் இல்லை. பிள்ளை பேரம் பேசும். பேசட்டும். பேரம் பேசுகிற பிள்ளை இன்னும் வீட்டோடுதான் கணக்கு வைத்திருக்கிறது.

வீட்டால் மட்டும் முடியாத பங்கை ஊர் எடுக்க வேண்டும். 1816 இல் அமெரிக்க மிஷன் வந்து பள்ளி தொடங்கிய நாளிலிருந்து படிப்பால் பெயர் எடுத்த ஊர் இது. அதனாலேயே பரீட்சைப் பெறுபேறு தவிர வேறு கண்ணால் பிள்ளையைப் பார்க்கத் தெரியாமற் போய்விட்டோம். ஒன்பது ஏ எடுக்காத பிள்ளை எங்கே போய்த் தலை நிமிரும்? சனசமூக நிலையங்கள் பல ஊர்களில் பொழுதுபட முன் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு கரப்பந்தாட்ட மைதானத்துக்கு இரண்டு பெரிய மின்விளக்குப் போட ஆகிற செலவு, ஒரு கோயில் திருவிழாவின் ஒரு நாள் வாணவேடிக்கையை விடக் குறைவு. வெளிநாட்டிலிருக்கிற ஊர்ச் சங்கங்கள் மணிக்கூட்டுக் கோபுரமும் வளைவும் கட்டக் காசு சேர்க்கும்போது இதையும் யோசிக்க வேண்டும். இரவு ஒன்பது மணி வரை வெளிச்சமும், விளையாட்டும், கிழமைக்கு ஒருவராக முறைவைத்து வந்து உட்கார்ந்திருக்கிற ஒரு மாமாவும் இருந்தால், சந்தியில் நிற்கிற பிள்ளைகளில் பாதிப்பேர் அங்கே வருவார்கள்.

பிள்ளை கை மீறிப் போகிறது என்று கண்டால் உதவி கேட்பதற்கு வெட்கப்படக் கூடாது. தூக்கம் தலைகீழாகி, சாப்பாடு விட்டு, பழைய கூட்டாளிகளைத் துறந்து, வீட்டில் காசு குறைந்தால் அது வயதுக் குழப்படி அல்ல. தெல்லிப்பழை மருத்துவமனையில் உளநலப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கும் சிறுவர் உரிமைக்கும் உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தோடு பேசலாம். தெரிந்த சனம் கண்டுவிடும் என்று பயந்து, முதலில் சாத்திரியிடமும் பிறகு நேர்த்திக்கும் அலைந்து, ஆறு மாதம் கழித்து வருகிறார்கள். கோயிலுக்குப் போகட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. மருத்துவரிடம் அதே கிழமை போகட்டும். முதல்முறை பிள்ளை வராவிட்டால் தாய் தகப்பன் தனியாகப் போய் இருந்து பேசலாம். கிளினிக்கில் அதற்கும் இடம் கொடுப்பார்கள்.